ஒரு மவுஸ், ரெண்டு கம்ப்யூட்டர், நடுவுல லினக்ஸ்: பணத்தை விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

சிங்கப்பூர்ல ஒரு ரூம் வாடகைக்கு எடுத்து, சின்னதா ஒரு மேசை போட்டு, அதுல ஆபீஸ் கொடுத்த விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு, உங்க சொந்த லினக்ஸ் மெஷின் ஒண்ணு, ரெண்டுக்கும் சேத்து ஒரே கீபோர்டு ஒரே மவுஸ்னு ஓட்டப் பாக்குறீங்கன்னா இது உங்களுக்குத்தான். நான் சுவா சூ காங்ல ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டு ரூம்ல உக்காந்து இதே வேலையைப் பண்ணி மூணு வாரம் நாசமாப் போச்சு, 28 வெள்ளி கொடுத்து வாங்குன பெட்டி ஒண்ணு இப்போ ஃபேன் காத்துல பேப்பர் பறக்காம இருக்க வெயிட்டா உக்காந்திருக்கு. மவுஸ் மேல ஒரு தப்பும் இல்லன்னு கடைசிலதான் தெரிஞ்சுது, அதுக்குள்ள மவுஸையும் ஒரு தடவை மாத்திட்டேன்.

மவுஸ் அசையலன்னா அது மவுஸ்ல இருக்கலாம், வயர்ல இருக்கலாம், நடுவுல இருக்குற ஸ்விட்ச்ல (ஒரே மவுஸை ரெண்டு மெஷினுக்கும் மாத்தி மாத்தி விடுற பெட்டி), போர்ட்ல, லினக்ஸோட அடிமட்டமான கர்னல்ல, லாகின் பண்ணினதும் வர்ற டெஸ்க்டாப் செஷன்ல, ஷேர் பண்ற சாஃப்ட்வேர்ல, ஏன், வீட்டுக்காரங்க வைஃபைல கூட இருக்கலாம். நான் கடைசியில இருந்து ஆரம்பிச்சேன், நீங்க முதல்ல இருந்து வாங்க.

கமாண்ட் எல்லாம் தமிழ்லயே எழுதிருக்கேன், போன்ல ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி. நடுவுல புள்ளி வச்சு எழுதியிருந்தா எழுத்து எழுத்தா ஆங்கிலத்துல அடிக்கணும், நிஜமாவே புள்ளி வர்ற இடத்துல 'புள்ளி'ன்னே சொல்றேன். என்கிட்ட ஓடுறது உபுண்டு 24.04, வேற எதாவது வச்சிருந்தா பேக்கேஜ் பேரு கொஞ்சம் மாறும், மத்தபடி கதை ஒண்ணுதான்.

1. மவுஸை நேரா சொருகிப் பாருங்க

செலவு இல்ல, பத்து நிமிஷம். நடுவுல இருக்குற ஸ்விட்ச், ஹப், எக்ஸ்டென்ஷன் எல்லாத்தையும் கழட்டிட்டு மவுஸை லினக்ஸ் மெஷின்ல நேரா சொருகுங்க. ஒரு பத்து நிமிஷம் சும்மா பிரவுசர்ல மேய்ஞ்சு பாருங்க. அப்புறம் அதே மவுஸை இன்னொரு மெஷின்ல. ரெண்டுலயும் நல்லா ஓடுச்சுன்னா மவுஸை விட்டுடுங்க, அதைத் திட்டாதீங்க, புதுசு வாங்காதீங்க.

நேரா சொருகியும் சரியில்லன்னா வேற போர்ட்ல போட்டுப் பாருங்க, லேப்டாப்போட ரெண்டு பக்கமும். அதுலயும் ஆகலன்னாதான் மவுஸ் மேல சந்தேகப்படணும்.

2. சிஸ்டத்துக்கு மவுஸ் தெரியுதான்னு கேளுங்க

இந்த ஸ்டெப்பை யாரும் பண்றதில்ல, நானும் பண்ணல, ஆனா பாதி விஷயம் இங்கயே முடிஞ்சிடும். டெர்மினல் திறந்து சூடோ டி.எம்.இ.எஸ்.ஜி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் டபிள்யூ அடிங்க. அது அப்படியே ஓடிட்டு இருக்கும், இப்போ ஸ்விட்ச் வழியா மவுஸை சொருகுங்க, இல்லன்னா ஸ்விட்ச் பட்டனை அமுக்குங்க. என்ன வருதுன்னு பாருங்க.

ஒண்ணுமே வரலன்னா கம்ப்யூட்டருக்கு எதுவும் போய்ச் சேரல, வயர், போர்ட், ஸ்விட்ச், இந்த மூணுல ஒண்ணு. 'நியூ யூஎஸ்பி டிவைஸ்'னு ஒரு வரி வந்து உடனே 'யூஎஸ்பி டிஸ்கனெக்ட்'னு இன்னொரு வரி, திரும்பவும் நியூ, திரும்பவும் டிஸ்கனெக்ட், இப்படி வந்துட்டே இருந்தா கரண்ட் பத்தல இல்ல வயர் லூஸ். 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட்'னு போட்டு பக்கத்துல எர்ரர் மைனஸ் 71 இல்ல மைனஸ் 110னு வந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். எனக்கு மைனஸ் 71 வந்துச்சு. நான் அதைப் பாத்துட்டு கர்னலை அப்டேட் பண்ணினேன், டிரைவர் தேடினேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன். கடைசில ஸ்விட்ச் கூட வந்த ரெண்டு வயர்ல ஒண்ணு சொத்தை. பழைய பிரிண்டரோட வயரை எடுத்து மாட்டினேன், எர்ரர் போயிடுச்சு.

டிவைஸ் ஒழுங்கா வந்து நிக்குதுன்னா அடுத்தது இது. லிப்இன்புட் டூல்ஸ்னு ஒரு பேக்கேஜ், லிப்இன்புட்டுக்கும் டூல்ஸுக்கும் நடுவுல ஒரு ஹைஃபன், ஏ.பி.டி-ல (உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற கமாண்ட்) இன்ஸ்டால் பண்ணிக்கங்க. அப்புறம் சூடோ லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் அடிச்சுட்டு மவுஸை ஆட்டுங்க. வரி வரியா 'பாயின்ட்டர் மோஷன்'னு கொட்டும், பட்டனை அமுக்கினா 'பாயின்ட்டர் பட்டன்', வீலை உருட்டினா 'ஸ்க்ரோல் வீல்'. இங்க கொட்டுது ஆனா ஸ்கிரீன்ல அம்புக்குறி அசையலன்னா மவுஸ், வயர், ஸ்விட்ச், கர்னல் எல்லாத்துக்கும் விடுதலை, கோளாறு டெஸ்க்டாப் செஷன்ல. இந்த ஸ்கிரீன்ல அசையுது, பக்கத்து மெஷினுக்குத்தான் போகலன்னா ஷேரிங் சாஃப்ட்வேர், நேரா 7-க்குப் போங்க.

3. எந்த வழின்னு முடிவு பண்ணுங்க

மூணு வழி இருக்கு.

முதல் வழி, ஸ்விட்ச் பெட்டி. இதுலயும் ரெண்டு ரகம், மானிட்டரையும் சேத்து மாத்துறது கேவிஎம் ஸ்விட்ச், கீபோர்டு மவுஸை மட்டும் மாத்துறது யூஎஸ்பி ஸ்விட்ச். உங்க மானிட்டர் பின்னாடி ரெண்டு இன்புட் இருந்தா, அதாவது ஒரு ஹெச்டிஎம்ஐ ஒரு டிஸ்ப்ளேபோர்ட்டோ இல்ல ரெண்டு ஹெச்டிஎம்ஐயோ, உங்களுக்கு வெறும் யூஎஸ்பி ஸ்விட்ச் போதும், படத்தை மானிட்டர் பட்டன்லயே மாத்திக்கலாம். கேவிஎம்முக்கும் இதுக்கும் விலைல நல்ல வித்தியாசம் இருக்கு. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், பெரிய பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

ரெண்டாவது, சாஃப்ட்வேர். மவுஸ் ஒரு மெஷின்ல இருக்கும், ஸ்கிரீன் ஓரத்துக்கு இழுத்தா நெட்வொர்க் வழியா அடுத்த மெஷினுக்குப் போயிடும். காசு இல்ல, ஆனா நேரம் தின்னும்.

மூணாவது, ஒரே மவுஸ் ரெண்டு மூணு மெஷின் கூட சேர்ந்துக்குற வயர்லெஸ் ரகம், அடில ஒரு பட்டன் இருக்கும். லாஜிடெக்ல இதுக்கு ஈஸி ஸ்விட்ச்னு பேரு, மூணு மெஷின் வரைக்கும். அதே லாஜிடெக்கோட 'ஃப்ளோ'ன்னு ஒண்ணு, ஓரத்துக்கு இழுத்தா அடுத்த கம்ப்யூட்டருக்குப் போற வசதி, அது விண்டோஸுக்கும் மேக்குக்கும்தான், லினக்ஸுக்கு இல்ல. பெட்டி மேல படத்தைப் பாத்து மயங்கிடாதீங்க.

எனக்கு ரெண்டு வழி தேவைப்பட்டுச்சு, ஆபீஸ் லேப்டாப்புக்கு ஸ்விட்ச், என்னோட சொந்த லினக்ஸ் லேப்டாப்புக்கும் பழசா வாங்கின டெஸ்க்டாப்புக்கும் நடுவுல சாஃப்ட்வேர். செலவுக் கணக்கு: வீணாப் போன ஸ்விட்ச் 28 வெள்ளி, அடுத்து வாங்கினது 62, லேன் கேபிள் 5, யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் 4. மொத்தம் 99 வெள்ளி. தேவையில்லாம வாங்கின மவுஸை இதுல சேக்கல, சேத்தா மனசு வலிக்குது.

4. ஆபீஸ் லேப்டாப்னா முதல்ல மெயில் போடுங்க

ஆபீஸ் ஐடி ஆளுங்ககிட்ட வாய்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க. 'வீட்ல ஒரு யூஎஸ்பி ஸ்விட்ச் வழியா கீபோர்டு மவுஸ் மட்டும் கனெக்ட் பண்ணலாமா, மாடல் இது'ன்னு ரெண்டு வரி, கூட அந்தப் பொருளோட ஸ்பெக் பக்கம். பதிலை ஒரு ஃபோல்டர்ல பத்திரமா வைங்க. எனக்கு பதில் வர ஆறு வேலைநாள் ஆச்சு, அதனால பொருளை வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, வாங்கிட்டு கேட்டு 'கூடாது'ன்னு வந்தா என்ன பண்ணுவீங்க.

ஸ்விட்ச்ல மெமரி கார்டு ரீடர் சேந்து வர்ற மாடலைத் தவிர்த்துடுங்க. நிறைய கம்பெனி லேப்டாப்ல யூஎஸ்பி ஸ்டோரேஜைப் பூட்டி வச்சிருப்பாங்க, நீங்க மவுஸுக்காக சொருகினா அங்க எச்சரிக்கை அடிக்கும்.

சாஃப்ட்வேர் வழியை ஆபீஸ் லேப்டாப்ல அனுமதி இல்லாம போடவே போடாதீங்க. நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு எல்லாம் அது வழியாத்தான் போகும், அதுபோக காப்பி பேஸ்ட்டையும் அது ரெண்டு மெஷினுக்கும் நடுவுல ஷேர் பண்ணும். ஆபீஸ் ஃபைல்ல இருந்து காப்பி பண்ணினது உங்க சொந்த மெஷின்ல போய் உக்காரும், நீங்க கவனிக்கக்கூட மாட்டீங்க. வேலை பாஸ்ல வந்திருக்கிற நமக்கு மவுஸுக்காக இந்த வம்பு தேவையா.

5. வாங்கும்போது

சிம் லிம் ஸ்கொயர் போறதா இருந்தா ரோச்சோர் எம்ஆர்டில இறங்குங்க, பக்கத்துலயே. காலைல சீக்கிரம் போகாதீங்க, பாதிக் கடை திறந்திருக்காது. சீனப் புத்தாண்டு ஒட்டி போகவே வேணாம். மூணு கடையாவது ஏறி இறங்குங்க, ஒரே பெட்டி, வேற வேற விலை. வயர் மட்டும் வேணும்னா எதிர்ல இருக்குற சிம் லிம் டவரையும் ஒரு தடவை பாருங்க.

கடைல கேக்க வேண்டியது நாலே விஷயம். தனியா கரண்ட் கொடுக்க அடாப்டர் வாய் இருக்கா? மவுஸ் படம் போட்ட போர்ட் தவிர சாதாரண யூஎஸ்பி போர்ட்டும் இருக்கா? மாத்துறதுக்கு பட்டன் இருக்கா, இல்ல கீபோர்டு ஷார்ட்கட் மட்டுமா? வேலை செய்யலன்னா எத்தனை நாளுக்குள்ள கொண்டு வரணும்? கடைசிக் கேள்விக்கு பதிலை ரசீதுலயே எழுதித் தரச் சொல்லுங்க, முகம் சுளிச்சாலும் பரவால்ல.

அடாப்டர் கூட வந்தா சேஃப்டி மார்க் ஸ்டிக்கர் இருக்கா பாருங்க, இங்க விக்கிற அடாப்டருக்கு அது இருக்கணும். மூணு முள் பிளக்கா வருதான்னும் பாருங்க.

ஆன்லைன்ல வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா வரி இல்லன்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, அது அந்தக் காலம். 2023 ஜனவரில இருந்து 400 வெள்ளிக்குக் கீழ உள்ள பார்சலுக்கும் ஜிஎஸ்டி உண்டு, 2024-ல இருந்து அது 9 சதவீதம், பெரிய தளங்கள்ல பணம் கட்டும்போதே சேந்துடும். அதனால விலையை ஒப்பிடும்போது கடைசிப் பக்கத்துல வர்ற தொகையைப் பாருங்க.

ரசீது, பெட்டி, உள்ள இருந்த பேப்பர் எல்லாத்தையும் ஆறு மாசம் வைங்க. இங்க லெமன் லான்னு ஒண்ணு இருக்கு, கடைல வாங்கின பொருள்ல ஆறு மாசத்துக்குள்ள கோளாறு தெரிஞ்சா அது விக்கும்போதே இருந்துச்சுன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. ஆனா கரோசெல் மாதிரி பழைய பொருள் விக்கிற ஆப்ல தனி ஆள்கிட்ட வாங்கினா இது செல்லாது. என்னோட 28 வெள்ளி பெட்டிக்கு ரசீதை நான் ரூம் காலி பண்ணும்போது குப்பைல போட்டுட்டேன், ஆன்லைன்ல வித்தவரும் ரிட்டர்ன் நாள் முடிஞ்சதுன்னுட்டார். பேப்பர்வெயிட் வந்த கதை இதுதான்.

6. ஸ்விட்ச் போட்டும் மவுஸ் கிறுக்குத்தனம் பண்ணா

பக்கவாட்டு பட்டன் வேலை செய்யலையா, வீல் ஒழுங்கா உருளலையா? மவுஸ் படம் போட்ட போர்ட்ல சொருகியிருப்பீங்க. அந்தப் போர்ட்ல நிறைய ஸ்விட்ச் ஒரு நடிப்பு நடிக்கும், கம்ப்யூட்டர்கிட்ட உங்க மவுஸைக் காட்டாது, 'நான்தான் மவுஸ்'னு அதுவே சொல்லிக்கும், ஒரு சாதாரண மூணு பட்டன் மவுஸ் மாதிரி. எல்.எஸ்.யூ.எஸ்.பி அடிச்சுப் பாருங்க, உங்க மவுஸ் கம்பெனி பேரு லிஸ்ட்ல இல்லாம வேற எதோ பேரு இருந்தா இதுதான். மவுஸை சாதாரண யூஎஸ்பி போர்ட்டுக்கு மாத்துங்க, கீபோர்டை மட்டும் கீபோர்டு போர்ட்ல விடுங்க, ஏன்னா ஷார்ட்கட் அதுல இருந்தாதான் வேலை செய்யும். கீபோர்டு மவுஸ் ரெண்டுக்கும் சேத்து ஒரே ரிசீவர் வர்ற வயர்லெஸ் செட்டும் இந்த நடிப்பு போர்ட்ல அடிக்கடி மக்கர் பண்ணும், அதையும் சாதாரண போர்ட்ல போடுங்க.

மாத்தின உடனே ரெண்டு மூணு செகண்ட் மவுஸ் செத்துக் கிடக்குதா? சாதாரண போர்ட்ல அது இயல்பு. பட்டனை அமுக்குற ஒவ்வொரு தடவையும் மவுஸைப் பிடுங்கி சொருகின மாதிரிதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். இதனால இன்னொரு சங்கடம், எக்ஸ்இன்புட் கமாண்ட்ல மவுஸ் வேகத்தை செட் பண்ணி வச்சிருந்தா ஒவ்வொரு மாத்தலுக்கும் அது அழிஞ்சிடும், மவுஸ் பழைய வேகத்துக்குப் போயிடும். நான் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தக் கமாண்டைத் திரும்பத் திரும்ப அடிச்சிட்டு இருந்தேன், என்ன புத்தியோ. செட்டிங்ஸ்ல மவுஸ் பக்கத்துக்குப் போய் வேகத்தை அங்க வைங்க, ஆக்ஸிலரேஷன் பிடிக்கலன்னா அங்கயே ஆஃப் பண்ணுங்க, அது நிக்கும்.

கொஞ்ச நேரம் தொடாம விட்டா தூங்கிடுது, கிளிக் பண்ணினாதான் எழும்புதா? லேப்டாப் பேட்டரி மிச்சம் பண்ண பவர்டாப்னு ஒண்ணு போட்டு அதுல ஆட்டோ ட்யூன் கொடுத்திருக்கீங்களான்னு யோசிங்க. யூடியூப்ல எவனோ சொன்னான்னு நான் போட்டிருந்தேன். அது மவுஸையும் சேத்து தூங்க வச்சிடும். முதல்ல அதை எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் தூங்கினா மொத்தமா நிறுத்திடலாம்: ஈ.டி.சி ஃபோல்டர், அதுக்குள்ள டிஃபால்ட், அதுக்குள்ள க்ரப்னு ஒரு ஃபைல், முதல்ல அதை ஒரு காப்பி எடுத்து வைங்க, அப்புறம் க்வையட் ஸ்ப்ளாஷ்னு இருக்குற வரில, மேற்கோள் குறிக்குள்ளயே, ஒரு ஸ்பேஸ் விட்டு யூ.எஸ்.பி கோர், புள்ளி, ஆட்டோசஸ்பெண்ட், ஈக்வல்ஸ், மைனஸ் 1 சேருங்க. யூஎஸ்பி-யும் கோரும் ஒட்டி ஒரே வார்த்தை. சேவ் பண்ணிட்டு சூடோ அப்டேட்-க்ரப், ரீஸ்டார்ட். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், மேசைலயே சார்ஜ்ல கிடக்குற லேப்டாப்னா கவலையில்ல.

விட்டு விட்டு வந்தா கரண்ட். ஸ்விட்ச்ல கீபோர்டு, மவுஸ், வெப்கேம், ஹெட்செட்னு எல்லாத்தையும் மாட்டி லேப்டாப்போட ஒரே போர்ட்ல இருந்து கரண்ட் இழுத்தா அது எங்க போகும். அடாப்டரை மாட்டுங்க, இல்லன்னா வெப்கேமை நேரா லேப்டாப்ல சொருகுங்க.

7. சாஃப்ட்வேர் வழி

மவுஸை ஷேர் பண்ண பேரியர்ங்கிற சாஃப்ட்வேரைப் போடுன்னு பழைய வழிகாட்டி எல்லாம் சொல்லும். அதுல கடைசி வெளியீடு 2021-ல, அதோட நின்னுபோச்சு. இப்போ டெஸ்க்ஃப்ளோ, இல்லன்னா இன்புட் லீப். நான் டெஸ்க்ஃப்ளோவை ஃப்ளாட்ஹப்ங்கிற லினக்ஸ் ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தேன்.

எது சர்வர் எது கிளையன்ட்னு எல்லாரும் குழம்புவாங்க. மவுஸ் எந்த மெஷின்ல சொருகியிருக்கோ அது சர்வர், அவ்வளவுதான். பெரிய மெஷின் சின்ன மெஷின் கணக்கு இல்ல.

இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. லாகின் பண்ணும்போது உங்க பேரை கிளிக் பண்ணினதும் கீழ வலது மூலைல ஒரு பல்சக்கரம் வரும், அதுல வேலாண்ட், எக்ஸார்க்னு (ஸ்கிரீனையும் மவுஸையும் கையாளுற முறை) ரெண்டு வகை செஷன் இருக்கும். சும்மா விட்டா பெரும்பாலும் வேலாண்ட்ல போகும். வேலாண்ட் ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணோட மவுஸைத் தொட விடாது, பாதுகாப்புக்காக, அதனால பழைய சாஃப்ட்வேர் போட்டா கனெக்ட் ஆச்சுன்னு பச்சையா காட்டும், அம்புக்குறி மட்டும் ஓரத்துல முட்டிட்டு நிக்கும். உங்க டெஸ்க்டாப் கிநோம் 46, இல்ல கேடிஇ பிளாஸ்மா 6.1, இதுங்களும் இதுக்கு மேலயும் இருந்தா புது டெஸ்க்ஃப்ளோ வேலாண்ட்லயே ஓடும், முதல் தடவை அனுமதி கேட்டு ஒரு பெட்டி வரும், அவசரத்துல மூடிடாதீங்க. ஓடலன்னா உபுண்டு 24.04-ல எக்ஸார்க்கைத் தேர்ந்தெடுத்து உள்ள போங்க. உபுண்டு 25.10-ல அந்த எக்ஸார்க் செஷனையே எடுத்துட்டாங்க, அதனால ரெண்டு மெஷினையும் அப்டேட் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிங்க.

அடுத்து பேரு. கிளையன்ட் மெஷின்ல ஹோஸ்ட்நேம்னு கமாண்ட் அடிங்க, என்ன வருதோ அதை எழுத்து பிசகாம சர்வர் லிஸ்ட்ல கொடுங்க. பேரு ஒத்துப் போகலன்னா உள்ள விடாது. டிஎல்எஸ், அதாவது போற வர்றதைப் பூட்டி அனுப்புற வசதி, ஒரு பக்கம் ஆன், ஒரு பக்கம் ஆஃப்னு இருந்தாலும் விடாது. ரெண்டுலயும் ஆன் பண்ணுங்க, ஆஃப் பண்ணினா ஓடும்னு சில பேர் சொல்வாங்க, நீங்க அடிக்கிற பாஸ்வேர்டு வீட்டு வைஃபைல திறந்தாப்புல போகும். கான்ஃபிக் ஃபைலைக் கையால எழுதுறவங்க, வலது பக்கம் போற வழியையும் எழுதுங்க, இடது பக்கம் திரும்பி வர்ற வழியையும் எழுதுங்க. நான் போற வழியை மட்டும் எழுதினேன், மவுஸ் அந்தப் பக்கம் போச்சு, போனது போனதுதான்.

இப்போ வைஃபை. ரூம் வாடகைக்கு இருக்குறவங்க கண்டிப்பா இதைப் படிங்க. எல்லாம் சரியா செட் பண்ணியும் ஒரு மெஷினுக்கு இன்னொண்ணு தெரியவே இல்ல, 'இருக்கியா'ன்னு கேக்குற பிங் கமாண்ட் அடிச்சாலும் பதில் இல்ல. ரெண்டு நாள், வெளிய இருந்து வர்ற கனெக்ஷனைத் தடுக்குற ஃபயர்வாலைத் திறந்து மூடிட்டு இருந்தேன், இந்த சாஃப்ட்வேர் பேசுறது 24800 போர்ட்னு மனப்பாடமே ஆயிடுச்சு. கடைசில கிச்சன்ல வீட்டுக்கார அக்காவைப் பாத்தப்போ சும்மா கேட்டேன்.

"அக்கா, இந்த வைஃபைல எதாவது கட்டுப்பாடு போட்டிருக்கீங்களா?"

"தெரியலயே தம்பி. ரூமுக்கு வர்றவங்களுக்குன்னு என் மகன் தனியா கெஸ்ட்டுன்னு ஒண்ணு போட்டு வச்சான். ஏன், லைன் ஸ்லோவா?"

அவ்வளவுதான் விஷயம். கெஸ்ட் வைஃபைல பெரும்பாலான ரவுட்டர் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியா அடைச்சு வச்சிடும், இன்டர்நெட் வரும், பக்கத்துல இருக்குற மெஷின் தெரியாது. அவங்க வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேக்க எனக்கு மனசு வரல, அஞ்சு வெள்ளிக்கு ஒரு லேன் கேபிள் வாங்கி ரெண்டு மெஷினையும் நேரா சேத்துட்டேன். சாதாரண கேபிளே போதும். சர்வர் மெஷின்ல நெட்வொர்க் செட்டிங்ஸ்ல வயர் கனெக்ஷனோட ஐபிவி4 பக்கத்துல 'மத்த கம்ப்யூட்டர்களோட ஷேர்'னு அர்த்தம் வர்ற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்தா, அந்த மெஷினுக்கு வழக்கமா 10.42.0.1-னு அட்ரஸ் வரும், அடுத்ததுக்குத் தானா ஒண்ணு கிடைக்கும். சர்வர் அட்ரஸா அதைக் கொடுங்க. வைஃபைல இருந்த தட்டுத் தடுமாறலும் இதோட போச்சு. கேபிள் போட முடியாதவங்க பிங் அடிச்சு நேரத்தைப் பாருங்க, 3, 5 மில்லி செகண்ட்னு வந்துட்டு இருந்தது திடீர்னு 200-க்குத் தாவினா வைஃபை பவர் சேவிங்தான், உபுண்டுல நெட்வொர்க் மேனேஜர் கான்ஃபிக் ஃபோல்டர்ல வைஃபை பவர்சேவ் 3-னு ஒரு வரி இருக்கும், அதை 2 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு மெஷின்ல விபிஎன் ஓடினாலும் பக்கத்து மெஷின் மறைஞ்சிடலாம், அதை ஆஃப் பண்ணியும் ஒரு தடவை பாருங்க.

ஸ்க்ரோல் லாக் பத்தி தனியாவே சொல்லணும். என்னோட ஸ்விட்ச்ல மெஷின் மாத்த ஷார்ட்கட், கீபோர்டுல ஸ்க்ரோல் லாக் கீயை ரெண்டு தட்டு. கை அதுக்குப் பழகிப்போச்சு. ஒரு நாள் ராத்திரி 11.40, காலைல டெமோ, மவுஸ் என் லேப்டாப் ஸ்கிரீன்ல நல்லா ஓடுது, வலது ஓரத்துல போய் முட்டிட்டு நிக்குது, டெஸ்க்டாப்புக்குப் போகவே மாட்டேங்குது. சாஃப்ட்வேர் பச்சை, கேபிள்ல லைட் மினுக்குது, பிங் போகுது. ரெண்டு மெஷினையும் ரீஸ்டார்ட் பண்ணினா சரியாகுது, கொஞ்ச நேரத்துல திரும்ப. விஷயம் என்னன்னா இந்தக் குடும்பத்து சாஃப்ட்வேர் எல்லாத்துலயும் ஸ்க்ரோல் லாக்கை அமுக்கினா 'மவுஸை இந்த ஸ்கிரீன்லயே பூட்டு'ன்னு அர்த்தம். ரெண்டு தடவை தட்டினா பூட்டித் திறந்துடும், ஒண்ணும் தெரியாது. நான் பதட்டத்துல மூணு தடவை தட்டியிருக்கேன். கீபோர்டுல லைட்டும் எரியல, லினக்ஸ்ல அந்த லைட் பெரும்பாலும் எரியாது. உங்களுக்கும் ஓரத்துல முட்டி நின்னா, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஸ்க்ரோல் லாக்கை ஒரே ஒரு தடவை தட்டிட்டுப் பாருங்க.

கிளையன்ட் ஸ்கிரீன்ல மவுஸ் வேகம் பிடிக்கலன்னா கிளையன்ட்ல போய் மாத்திட்டு இருக்காதீங்க, ஒண்ணும் ஆகாது, வேகம் சர்வர்ல இருந்துதான் வரும்.

இன்னொண்ணு, கிளையன்ட் மெஷின் ரீஸ்டார்ட் ஆகி லாகின் ஸ்கிரீன்ல நிக்கும்போது சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்காது. டிஸ்க்குக்கு பாஸ்வேர்டு போட்டிருந்தா அதுக்கும் முன்னாடியே நிக்கும். அதனால பழைய வயர் கீபோர்டு ஒண்ணைக் கட்டிலுக்குக் கீழயாவது போட்டு வைங்க.

8. வயர்லெஸ் மவுஸ் குதிச்சுக் குதிச்சுப் போனா

பேட்டரி பாத்துட்டீங்கள்ல? அப்போ ரிசீவர் எங்க சொருகியிருக்குன்னு பாருங்க. குட்டி ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ்ல பேசும், பக்கத்துல யூஎஸ்பி 3 போர்ட்ல ஹார்ட் டிஸ்க்கோ ஹப்போ ஓடினா அதே அலைவரிசைல இரைச்சல் கிளப்பும், மவுஸ் தடுமாறும். ஸ்விட்சுக்குப் பின்னாடி, மேசைக்கு அடியில, மானிட்டர் ஸ்டாண்டோட இரும்புக்குப் பின்னாடி எல்லாம் ரிசீவரை ஒளிச்சு வைக்காதீங்க. நாலு வெள்ளிக்கு ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி ரிசீவரை மவுஸுக்குப் பக்கத்துல மேசை மேல கொண்டு வந்து வைங்க, அசிங்கமா இருக்கும், வேலை செய்யும்.

லாஜிடெக் ரிசீவர்னா சோலார்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, ஏ.பி.டி-லயே கிடைக்கும், எழுதும்போது ஏ ரெண்டு தடவை வரும். புது மவுஸை ரிசீவர் கூட சேக்க, பேட்டரி பாக்க, எல்லாத்துக்கும் அதான். விண்டோஸ் பக்கம் போயிட்டு லினக்ஸுக்குத் திரும்பினதும் வீல் ஒரே உருட்டுல பக்கத்தையே தாண்டுச்சுன்னா, இல்ல நத்தை மாதிரி நகந்துச்சுன்னா, சோலார்ல ஸ்க்ரோல் வீல் ரெசல்யூஷன்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. என் மவுஸுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை இப்பவும் அதைப் பண்ணிட்டுத்தான் இருக்கேன்.